கொதிக்க வைக்கச் சொல்றீங்க, என்ன உதிருதுன்னு ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?

பால் பாட்டிலுக்கும் உணவு டப்பாவுக்கும் தரச்சான்று கொடுக்கிற அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், புள்ள பசியில கத்துது, நான் பாட்டிலை லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாத்தேன். வாங்கினப்போ பளிச்சுன்னு இருந்த உள்பக்கம் இப்போ வெள்ளையா மங்கிப்போயி, விரல விட்டுத் தடவினா சொரசொரன்னு இருக்கு. அஞ்சு மாசமா தெனம் கொதிக்க வெச்சு பிரஷ் போட்டுத் தேய்ச்ச பாட்டில். தேய்ஞ்சது எங்க போச்சு? அன்னிக்கு அப்புறம் எனக்குத் தூக்கமே வரல.

கம்பெனிக்கு மூணு மெயில் போட்டேன், "ஃபுட் கிரேடு, பிபிஏ இல்லாதது"ன்னு மூணு தடவையும் ஒரே பதில். பிபிஏங்கறது பிளாஸ்டிக்ல சேர்க்கற ஒரு ரசாயனம், நான் கேட்டது பாட்டில்ல இருந்து உதிர்ற பிளாஸ்டிக் துகள்களைப் பத்தி.

உங்களுக்குத் தெரியாதது இல்ல. 2020லயே அயர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் பாலிப்ரொப்பிலீன்ங்கற பிளாஸ்டிக்ல செஞ்ச பால் பாட்டில்களை சோதிச்சு, 70 டிகிரி தண்ணில லிட்டருக்கு 1.6 கோடி துகள் வரைக்கும் வருதுன்னு சொன்னாங்க, தண்ணி 25 டிகிரில இருந்து 95க்குப் போனா 6 லட்சம் 5.5 கோடி ஆகுதாம். ஆனா பால் பவுடர்ல கிருமி இருக்கலாம், 70 டிகிரிக்குக் குறையாத தண்ணில கலக்கணும்ங்கறதும் உலக சுகாதார நிறுவனம் சொன்னதுதான். சூடு பண்ணலன்னா கிருமி, பண்ணினா பிளாஸ்டிக், ஒரு தாய் எதைத் தேர்ந்தெடுக்கறது சொல்லுங்க?

அதனால கேக்கறேன், சூட்டுல எவ்வளவு துகள் உதிரும்னு பாட்டில் மேலயே அச்சடிக்க வைங்க.

எலிகளுக்கு பாலிஸ்டைரீன்ங்கற இன்னொரு வகை பிளாஸ்டிக் துகள் கொடுத்துப் பாத்ததுல குடலைக் காக்கற சளிப்படலம் மெலிஞ்சு பாக்டீரியாக்களோட விகிதமே மாறியிருக்கு. சீனால குடல் அழற்சி நோயாளிங்க மலத்துல மத்தவங்களை விட அதிகமா துகள் இருந்துச்சு. அதுதான் நோய்க்குக் காரணம்னு யாரும் சொல்லல, நோயால உள்ளயே தங்கிடுதோ என்னவோ, நானும் அப்படிச் சொல்ல வரல. ஆனா குழந்தைக்கு நல்ல பாக்டீரியா குடியேறுறதே இந்த முதல் ரெண்டு மூணு வருஷத்துலதான், முடிவு தெரியற வரைக்கும் என் புள்ள வயிறு வளராம காத்திருக்குமா? பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்த உலக நாடுங்க சேர்ந்து ஒப்பந்தம் போடறோம்னு 2022ல ஆரம்பிச்சாங்க, தென்கொரியால பூசான்ல நடந்த பேச்சுவார்த்தையில முடியல, ஜெனீவாலயும் முடியல, பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான எண்ணெயை விக்கற நாடுங்களுக்கு இருக்கற குரல் பால் குடிக்கற புள்ளைக்கு இல்ல.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். நான் தடை கேக்கல. அந்தத் துகள் எண்ணிக்கையை அச்சிடச் சொல்லுங்க, கூடவே "பாலை பிளாஸ்டிக் இல்லாத பாத்திரத்துல கலந்து, ஆறினப்புறம் பாட்டில்ல ஊத்துங்க"ன்னு ஒரு வரி. அந்த ஒரு வரி எனக்கு அஞ்சு மாசத்துக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும். தயவுசெஞ்சு செய்யுங்க.

இப்படிக்கு,
ஒரு கைக்குழந்தையோட அம்மா