மூட்டுவலி வரும் என்று முதலிலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்ததும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளைப் பெரும்பாலும் 5 ஆண்டுகளுக்கு, சிலருக்கு அதற்கு மேலும் எழுதித் தருகிறார்கள். நானும் சாப்பிடுகிறேன். எலும்பு பலவீனமாகும், கால்சியம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மூட்டுவலி பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சில மாதங்களிலேயே ஆரம்பித்துவிட்டது. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது. பேஸ்ட் மூடியைத் திருக வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டும். உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலு எட்டு வைப்பதற்குள் உயிர் போய்விடும். நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும். வீட்டில் எல்லோரும் வயதாகிறது என்றார்கள். எனக்கோ, நோய் எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று பயம். அடுத்த பரிசோதனை வரை தூக்கமே இல்லை. அந்தக் கவலை எதிரிக்கும் வரக்கூடாது.

மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "இந்த மாத்திரைக்கு இப்படி வரும்மா, பாதிப் பேருக்கு இருக்கும்" என்றார். சரி, பாதிப் பேருக்கு வருவதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே? உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரப்பதை இந்த மாத்திரை அடக்குகிறது. நோய் திரும்பாமல் காப்பதும் அதுதான், மூட்டைப் படுத்துவதும் அதுதான். இது தெரிந்தால் வலியைத் தாங்க ஒரு தெம்பு வரும். தெரியாதவர்கள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். என்னோடு சிகிச்சை பெற்ற ஒரு பெண் அப்படித்தான் விட்டுவிட்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வலிக்கு வழியே இல்லை என்றால் பரவாயில்லை. ஆனால் இருக்கிறதே! அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்க்கலாம். தேவைப்பட்டால் தமாக்சிஃபென் என்ற வேறு வகை மாத்திரை தரலாம். வேக நடையும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் இந்த வலியைக் குறைப்பதை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. மாத்திரையை மாற்றியபின் என் விரல்கள் மடங்குகின்றன. முழங்கால் வலி மட்டும் இருக்கிறது, தினமும் நடந்து சமாளிக்கிறேன்.

மருத்துவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. சீட்டு எழுதும்போதே, "மூட்டு வலிக்கலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், என்னிடம் வாருங்கள்" என்று சொல்லுங்கள். முடிந்தால் அதைத் தமிழில் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். தங்கள் நாளிதழும் மருத்துவப் பகுதியில் இதுபற்றி விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி