அவள் வேண்டுமானால் வெளியே வரட்டும்

ரங்கூன்

அன்புள்ள மகனுக்கு,

கடவுள் இருந்தால் ஏன் தன்னைக் காட்டுவதில்லை என்று கேட்டு நீ வைபரில் அனுப்பிய நீளமான செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. தெருமுனைக் கடையில் கொடுத்துத் தாளில் எடுத்து, மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். பாதியில் போனால் எழுத்து கோணிக்கொள்ளும், பொறுத்துக்கொள்.

சண்டை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, நிலநடுக்கம் வந்த நாள். இங்கே தொங்குகிற பல்பு லேசாக ஆடியது, அவ்வளவுதான். ஆனால் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் அப்படியே உட்கார்ந்து போகிற வீடியோ போனுக்குப் போன் வந்துகொண்டிருந்தது. உன் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. விளக்கேற்றப் போன அம்மா அதன் முன்னாலிருந்து எழுந்திருக்கவேயில்லை. ராத்திரிதான் நீ பக்கத்து அறைக்காரன் போனில் கூப்பிட்டாய். ரயில் ஓடவில்லை, நடந்தே வந்தேன், போன் ஆபீஸ் மேசையிலேயே கிடக்கிறது என்றாய். "அம்மன் காப்பாத்திட்டா" என்றாள் அம்மா. நீ அதோடு விட்டிருக்கலாம். "அப்போ மண்டலேல செத்தவங்கள?" என்று கேட்டாய்.

கேட்டது தப்பில்லை, கேட்ட நேரம்தான் தப்பு. ரம்ஜான் மாதத்துக் கடைசி வெள்ளி அது. ஜும்ஆ தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மேல் பள்ளிவாசல்கள் விழுந்தன. சகாயிங்கில் பௌத்தப் பகோடாக்கள் சரிந்தன. மண்டலேயில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிக்குகள் மேல் மடம் விழுந்தது. 3,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். எந்தச் சாமியும் தன் கூரையைத் தாங்கிப் பிடிக்கவில்லை. அதற்கு என்னிடம் பதில் கிடையாது. பதில் இருக்கிறது என்று கோயிலில் ஒருவர் ஆரம்பித்தார், நான் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

உன் செய்தியில் நீ அதையும் தாண்டிப் போய்விட்டாய். காப்பாற்றாததை விடுங்கள், "நான் இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தையாவது சொல்லலாமே என்று கேட்கிறாய். கனடாக்காரர், தத்துவப் பேராசிரியர் ஷெல்லன்பெர்க் 1993ல் சொன்ன வாதத்தையும் எழுதியிருந்தாய். எனக்குப் புரிந்தவரை இதுதான்: கடவுள் முழு அன்பானவர் என்றால் தன்னோடு உறவாட எல்லோருக்கும் வழி திறந்து வைத்திருப்பார். அப்படியானால், வீம்பில்லாமல் நல்ல மனதோடு தேடுகிற ஒருவனுக்கு அவர் இருப்பதே தெரியாமல் போக முடியாது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அந்தக் கடவுள் இல்லை. கூட்டல் கழித்தலில் பிழை தெரியவில்லை. நானும் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

முதலில் என் வாயில் வந்தது இரணியன் கதைதான். அவனும் ஆதாரம் கேட்டவன். தூணை உதைத்தான், தூண் பிளந்தது, சாமி நேரிலேயே வந்தார். சரி, நம்புகிறேன் என்று சொல்லக்கூட அவனுக்கு நேரமில்லை, குடலை உருவிவிட்டார். சின்ன வயதில் இந்தக் கதை கேட்டு உனக்கு ராத்திரி காய்ச்சல் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? அப்போதே நீ, பிரகலாதனுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே, அப்புறம் யாருக்காக வந்தார் என்று கேட்டாய்.

இன்னொன்றும் தோன்றியது. சந்தேகத்துக்கே இடமில்லாமல் கடவுள் வந்து நின்றால், அப்புறம் நாம் எப்படி நடந்துகொள்வோம்? பக்கத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் குரல் எப்படி மாறும் என்பதை இந்த ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டீக்கடையில் நாங்கள் கிரிக்கெட்டும் மழையும் பேசுவது ஏன் என்று உனக்கே தெரியும். இருபத்திநாலு மணி நேரமும் அப்படி ஒருவர் நிற்கிறார் என்றால் நான் ஒழுங்காக இருப்பேன்தான். ஆனால் அது நான்தானா?

நம் சைவத்தில் இறைவனுக்கு ஐந்து வேலை. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மற்ற மதத்துக்காரர்கள் ஏன் ஒளிந்திருக்கிறார் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், நம் ஆட்கள் ஒளிவதையும் வேலைப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். உயிர் பக்குவப்படும்வரை மறைப்பதும் அருள்தான் என்பார்கள். ஒரே பிறவி, நம்பாதவனுக்கு என்றைக்கும் நரகம் என்றால் உன் கனடாக்காரர் கேட்பது பெரிய கேள்வி. நமக்குத்தான் அடுத்தது, அதற்கடுத்தது என்று பிறவி இருக்கிறதே, என்ன அவசரம் என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவையும் எழுதி முடித்தபோது உன் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இவை எதுவும் எனக்கே ருசிக்கவில்லை.

தாத்தாவுக்கு மொகல் தெருவில் ஜவுளிக்கடை இருந்தது, சொல்லியிருக்கிறேன். 1964ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மக்கள் கடை என்று பலகை மாட்டி நம்பர் போட்டார்கள். அதே வருஷம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. தெருவே இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. பாட்டி வயிற்றில் உன் சித்தப்பா இருந்ததால் நாங்கள் தங்கிவிட்டோம். அன்றுவரை அம்மனுக்குப் பூப் போடாமல் கடை திறக்காதவர். கடை போன பிறகு ஒரு வருஷம் விடாமல் கோயிலுக்குப் போனாராம். எதையும் திருப்பிக் கேட்கவில்லை, நீ இருக்கிறாயா என்று மட்டும் கேட்டேன் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அப்புறம் உள்ளே போவதை நிறுத்திவிட்டார்.

நிறுத்தினாரே தவிர வீட்டிலும் இருக்கவில்லை. தினமும் சாயங்காலம் கோயில் வாசலுக்கு இடதுபக்கத் திண்ணையில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். மடியில் தகர டப்பா. பாக்கை வெட்டி, வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பை ஆள்காட்டி விரலால் தடவி, நிதானமாக மடிப்பார். திருவிழா என்றால் தோரணம் கட்டுவார், அன்னதானத்துக்கு வெங்காயம் உரிப்பார். மணி அடித்தால் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள், இவர் அசையமாட்டார். வாங்க அண்ணாச்சி என்று பூசாரி கூப்பிட்டால், "நான் வந்தாச்சுய்யா. அவ வேணும்னா வெளியே வரட்டும்" என்பார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே.

அவள் வரவில்லை.

அந்த மனிதரிடம் போய், பக்குவம் போதாது, அடுத்த பிறவியில் பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அவர் இரணியனும் இல்லை. உன் கனடாக்காரர் சொல்கிற ஆள் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவள் வெளியே வந்திருக்கலாம் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். கும்பிடும்போது இதை அவளிடமே சொல்லியும் இருக்கிறேன்.

அப்போ ஏன் கும்பிடுகிறீர்கள் என்பாய். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கோயிலுக்குக் கணக்கு எழுதுகிறேன். பாக்கி வைத்தவர் பெயரை நோட்டிலிருந்து அடித்துவிட்டால் ஐந்தொகை அழகாகத்தான் இருக்கும். ஆனால் நான் அடிப்பதில்லை. தாத்தாவுக்கு அவள் தர வேண்டியது பாக்கி. மண்டலேயும் பாக்கி. எழுதி வைத்திருக்கிறேன். பாக்கியைக் கேட்பதற்காவது அவள் இருக்க வேண்டும் எனக்கு. இது நிரூபணம் இல்லை, தெரியும். உன் வாதத்தை இது அசைக்காது.

ஒன்றில் மட்டும் உன்னோடு ஒத்துப்போகமாட்டேன். நம்பாதவர்களுக்குக் கடவுள் தன்னைக் காட்டியாக வேண்டும் என்கிறாய். 2021 ஜூலையில், கொரோனா சமயத்தில், ரங்கூன் முழுக்க ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்றது. எனக்காக விடிய விடிய நின்றவன் எதிர்வீட்டுப் பையன். அவர்கள் பௌத்தர்கள், படைத்தவன் என்று ஒருவனை அவர்கள் கும்பிடுவதில்லை. அம்மனே அவன் ரூபத்தில் வந்தாள் என்றாள் அம்மா. நமக்குக் குதோ, அதாவது புண்ணியம், கிடைத்தது என்றாள் அவன் தாய். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திருத்தவில்லை, மொஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். அவனுக்கு அவர் காட்சி தந்து என்ன ஆகப்போகிறது? அவர் வருவதாக இருந்தால், தன்னை நன்றாகத் தெரியும் என்று மைக்கில் கத்துகிறவர்களிடம் முதலில் வந்து, நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அதற்கப்புறம் உன்னிடம் வரலாம்.

உனக்கு நம்பிக்கை இல்லை என்பதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை. கோபம் இல்லை. பாங்காக்கில் இருக்கிற சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போனாயா என்று அம்மா கேட்டால், போகாமலேயே, போனேன் என்று பொய் சொல்லாதே. போகவில்லை என்றே சொல். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள், அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்பாள்.

மாமா புதன்கிழமை பாங்காக் வருகிறார். லபெயும் (ஊறவைத்த தேயிலை) வறுத்த பூண்டும் கொடுத்து அனுப்புகிறோம். நடுவில் ஒரு திருநீற்றுப் பொட்டலமும் இருக்கும், அம்மா எனக்குத் தெரியாமல் வைத்தது. காகிதம் மெல்லிசு. பையைத் திறந்ததும் முதலில் அதை எடுத்துத் தனியாக வை, இல்லாவிட்டால் லபெ முழுக்கக் கொட்டிவிடும்.

அப்பா