ஒத்திகை பார்க்காமலே டிராமடர்ஜி முடிப்பதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழகத் துணைப்பாடங்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, நாடகப் பிரதியை ஆராய்ந்து ஒத்திகைக்குத் துணை நிற்கக் கற்றுத்தரும் டிராமடர்ஜியைப் பொழுதுபோக்குப் பாடங்களின் வரிசையில் சேர்த்து, 'இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?' என்று கேட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது. வணிகவியலை முதன்மைப் பாடமாகவும் டிராமடர்ஜியைத் துணைப்பாடமாகவும் எடுத்து, இந்த ஆண்டு இரண்டையும் முடித்தவள் நான். வேலை பற்றிய கவலையை என் வீட்டார் எனக்கும் சேர்த்தே பட்டு முடித்துவிட்டார்கள். கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பாடத்தை முடித்ததாகச் சான்றிதழ் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் ஒரு நாடகத்தின் ஒத்திகையில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

இந்த வேலையைச் செய்பவருக்கு டிராமடர்க் என்று பெயர். அவர் நடிப்பதில்லை, இயக்குவதில்லை, பெரும்பாலும் எழுதுவதும் இல்லை. பிரதியை மற்ற எல்லோரையும்விட நுணுக்கமாகப் படித்துவிட்டு வந்து, ஒத்திகை அறையின் ஓரத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பவர் அவர். எந்தப் பதிப்பை எடுப்பது, எந்த வசனத்தை வெட்டலாம், வெட்டினால் பின்னால் எந்தக் காட்சி புரியாமல் போகும் என்பதெல்லாம் அவர் தலைவலி. ஜெர்மானிய எழுத்தாளர் லெஸ்ஸிங் 1767இல் ஹாம்பர்க் நகரத்து நாடக அரங்கில் இந்த வேலைக்கு அமர்ந்தார். அங்கே மேடையேறிய நாடகங்களைப் பற்றி உடனுக்குடன் எழுதினார். நடிப்பைக் குறை சொன்னதும் நடிகர்கள் முகம் சுளிக்க, அதை விட்டுவிட்டு நாடகங்களைப் பற்றி மட்டும் எழுதத் தொடங்கினார். தொடக்கத்திலேயே இது நடிகர்களின் கோபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்த வேலை என்பதற்காகச் சொல்கிறேன்.

வகுப்பறைப் பாடங்களைக் குறை சொல்ல மாட்டேன். அரிஸ்டாட்டில் வந்தார், பரதர் வந்தார். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்லும் சிலப்பதிகார அரங்கேற்று காதையை, பள்ளியில் படிக்காத விதமாக, அளவுகோலும் காகிதமுமாக வரைந்து பார்த்துப் படித்தோம். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தின் 1603ஆம் ஆண்டுப் பதிப்பு அடுத்து வந்த பதிப்பில் ஏறக்குறையப் பாதிதான் என்பதையும், 'இருப்பதா, இறப்பதா' என்ற பெயர்பெற்ற அந்தத் தனிமொழி அதில் முன்னதாகவே வந்துவிடுகிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் நல்ல பாடங்கள். தேர்வும் எழுதினோம்.

ஆனால் நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' ஒத்திகைக்குப் போன பிறகுதான் நான் படித்த பாடம் என்னவென்று எனக்கே தெரிந்தது. கணவனுக்குத் தெரியாமல் வாங்கிய கடனின் ரகசியம் ஒரு கடிதத்தால் வெளிவரப் போகிறதே என்று அஞ்சும் நாயகி நோரா, இரண்டாம் அங்கத்தின் முடிவில், உயிரோடு இருக்க இன்னும் 31 மணி நேரம் என்கிறாள். நோராவாக நடித்த மாணவி அந்த எண்ணை ஒவ்வொரு முறையும் விழுங்கிக்கொண்டே இருந்தாள். 'ஏன் 31? முப்பது என்று சொன்னால் என்ன?' என்றாள். பிரதியைத் திறந்து காட்டினேன். அப்போது மாலை மணி ஐந்து. நள்ளிரவுக்கு ஏழு மணி நேரம், அதிலிருந்து அடுத்த நள்ளிரவுக்கு இருபத்து நான்கு. அதற்குள் விருந்தில் அவள் ஆட வேண்டிய நடனம் முடிந்துவிடும். அவள் துயரத்தைச் சொல்லவில்லை, கணக்குப் போடுகிறாள். மறுநாள் அந்த மாணவி இரண்டு எண்களையும் தனித்தனியே, வாய்க்குள் கூட்டிப் பார்ப்பதுபோலச் சொன்னாள். வணிகவியல் படிப்பவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று தபால் பெட்டி. அரங்கப் பொருள் குழுவினர் அழகான மூடிய மரப்பெட்டி ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். 'கண்ணாடி வழியே பார், கடிதம் தெரிகிறதா?' என்று நோரா தன் தோழியிடம் கேட்கிறாள். பெட்டியிலோ கண்ணாடி இல்லை. சாவி கணவனிடம் இருக்கிறது. கடிதம் கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாமல் கிடப்பதுதான் அதற்குப் பிறகு வரும் பதற்றம் முழுவதும். நான் சொன்னதும் தச்சு வேலை செய்தவர் என்னைப் பார்த்த பார்வையை எந்தப் பாடநூலும் கற்றுத் தராது. ஆனால் அடுத்த வாரம் கண்ணாடி வந்தது.

இதே நாடகத்துக்கு 1880இல், ஜெர்மன் மேடைக்காக, நோரா வீட்டைவிட்டுப் போகாத மாற்று முடிவை இப்சனே வேண்டாவெறுப்பாக எழுதிக் கொடுத்தார். வகுப்பில் அது ஒரு சுவையான தகவல். ஒத்திகையிலோ, முடிவைக் கொஞ்சம் மென்மையாக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னபோது, மேசைமேல் எடுத்து வைக்க வேண்டிய சான்று.

இப்போது என் குறை. எங்கள் துறையில் ஒத்திகைச் செய்முறைக்கு இடம் கிடைக்காதவர்கள், அதற்குப் பதிலாக ஒரு நீண்ட கட்டுரை எழுதிக் கொடுத்துத் துணைப்பாடத்தை முடித்துக்கொள்ளலாம். விதிவிலக்காகத் தொடங்கிய இந்த ஏற்பாடு வழக்கமாகிவிட்டது. என்னோடு படித்தவர்களில் பெரும்பாலோர் கட்டுரை எழுதித்தான் முடித்தார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒத்திகை மாலையில் தொடங்கி இரவு வரை நீள்கிறது. முதன்மைப் பாடத்தின் ஆய்வகமும் அதே நேரத்தில் வந்தால், எதை விடுவார்கள்? துறையும் தன் பங்குக்கு, ஒரு நாடகத்துக்கு ஒரு டிராமடர்க் போதும் என்று கணக்குச் சொல்கிறது.

இந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே நாடகத்தில் ஒருவர் காலப் பின்னணியைத் தேடலாம், ஒருவர் வெட்டுகளையும் மாற்றங்களையும் பதிவு செய்யலாம், இன்னொருவர் பார்வையாளர் கையில் தரும் குறிப்பேட்டைத் தயாரிக்கலாம். மூவருக்கும் ஒத்திகை அறையில் நாற்காலி போட முடியும். முழு நாடகம்தான் வேண்டும் என்றும் இல்லை. சக மாணவர் எழுதிய புதிய நாடகத்தை மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கும்போதும் டிராமடர்க்குக்கு வேலை உண்டு. அதற்கு மேடையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். ஒரே பருவத்தில் முடிக்க முடியாதவர்களுக்குச் செய்முறையை இரண்டு பருவங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதிலும் பெரிய நிர்வாகச் சிக்கல் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தத் துணைப்பாடத்தில் சேர நினைக்கும் மாணவர்கள், பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் பெரிய பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். கடைசிப் பக்கத்துக்குப் போய், செய்முறை கட்டாயமா, அது ஆண்டுதோறும் நடக்கிறதா, போன ஆண்டு எத்தனை பேர் அதில் அமர்ந்தார்கள் என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள். கட்டுரையாளர் அடுத்த முறை துணைப்பாடங்களைப் பற்றி எழுதும்போது, பல்கலைக்கழகங்களிடம் இதே கேள்விகளைக் கேட்டு, கிடைக்கும் பதிலை வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
இளங்கலை வணிகவியல் இறுதியாண்டு மாணவி