பிரிந்த கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிஜிட்டல் பேமென்ட் தொழிலைத் தாய் நிறுவனத்திலிருந்து பிரிக்கச் சொல்லிப் பங்குதாரர்கள் நெருக்குவதைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பிரித்துவிட்டாலே மதிப்பு கூடிவிடும் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இணையச் சந்தையான ஈபே, அதன் கையில் இருந்த பேமென்ட் கம்பெனி பேபால், இவற்றின் விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 2014 ஜனவரியில் அமெரிக்க முதலீட்டாளர் கார்ல் ஐகான் பேபாலைப் பிரிக்கச் சொன்னபோது ஈபேயில் அவர் வைத்திருந்த பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. முடியவே முடியாது என்று மல்லுக்கு நின்ற நிர்வாகம், செப்டம்பரில் தானே பிரிவினையை அறிவித்தது. 2015 ஜூலையில் பேபால் தனியாகப் பங்குச்சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு ஈபேயையே தாண்டியது. சரி, ஆனால் அது ஐகானின் சாமர்த்தியம் மட்டும்தானா? பேபால் வழியாகப் போன பணத்தில் பாதிக்கு மேல் அப்போதே ஈபேக்கு வெளியே நடந்த வியாபாரம். அதற்கெல்லாம் கட்டணமும் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் 2018-ல் ஈபே தன் பேமென்ட் வேலையை அட்யன் என்ற போட்டிக் கம்பெனிக்கு மாற்றப்போவதாகச் சொன்னபோதும் பேபால் கவிழ்ந்துவிடவில்லை.

வேர்ல்ட்பே என்ற பேமென்ட் கம்பெனியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்? 2019-ல் கடனையும் சேர்த்துச் சுமார் 4,300 கோடி டாலருக்கு அதை எஃப்ஐஎஸ் என்ற அமெரிக்க நிதித் தொழில்நுட்ப நிறுவனம் வாங்கியது. முதலீட்டாளர்கள் நெருக்கியதும் 2023-ல் பிரிக்கப்போவதாக அறிவித்து, கடைசியில் 1,850 கோடி டாலர் மதிப்பில் பெரும்பங்கை விற்றது. வாங்கும்போதும் கைதட்டினார்கள், விற்கும்போதும் கைதட்டினார்கள்.

நம் ஊர்க் கதை இன்னும் வேறு. 2022 டிசம்பரில் போன்பே, ஃபிளிப்கார்ட்டிலிருந்து முழுதாகப் பிரிந்தது. அங்கே யாரும் நெருக்கவில்லை, இரண்டுக்கும் பெரும்பங்கு வால்மார்ட்டுடையதுதான். நான் பார்ப்பது வேறொன்றை. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ-யில் வாங்கும் பணத்துக்குக் கடைக்காரர் கட்டணம் தர வேண்டியதில்லை. எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு நல்லதுதான். அப்படியானால் பேமென்ட்டை மட்டும் நம்பித் தனியாக நிற்கும் எந்தக் கம்பெனியும் எதில் சம்பாதிக்கும்? பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் பெட்டிக்கு வாடகை, கடைக்காரருக்குக் கடன், இன்சூரன்ஸ் என்று எங்கள் பக்கம்தான் திரும்பும்.

மண்டபம் ஊரில் படகுக்காரர்களை நம்பி மளிகைக்கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாளும் சவுண்ட் பாக்ஸ் பெரும்பாலும் வாயே திறக்காது. வாடகை மட்டும் தவறாமல் பிடிக்கப்படும். (எந்தக் கம்பெனி என்பதை விடுங்கள், பெயர் வேண்டாம்.) அந்த மாதங்களுக்காவது வாடகையை நிறுத்துங்கள் என்று கேட்டால், போனில் ஒருவர் எனக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்று விளக்குகிறார். தடைக்காலத்தில் வாங்கும் கடனைப் படகு இறங்கும்வரை எதை வைத்துக் கட்டுவது?

பங்குதாரருக்குக் கிடைத்த லாபத்தை விரிவாக எழுதிவிட்டீர்கள். அடுத்த கட்டுரையில், பிரிந்துபோன கம்பெனிகளின் வருமானத்தில் கடைக்காரரிடமிருந்து வரும் வாடகை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக்கடைக்காரர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்