டிஃப் திறந்தாயிற்று, இனி என்ன செய்ய?

பாலிக் பூலாவ்,
பினாங்கு.

அன்புள்ள கணேசா,

நீ அடித்த போனை எடுக்காததற்கும், தீபாவளிக்கு வெறும் விளக்குப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு ஒளிந்துகொண்டதற்கும் சேர்த்து முதலில் திட்டி முடித்துக்கொள். அப்புறம் மேலே படி. வீட்டில் எல்லாரும் சுகம். மல்லிகாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது; என் வாய்தான் கட்டுக்குள் இல்லை என்று உனக்கு எழுதச் சொன்னாள். மகள் பத்து காவானில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ரயில்வே சிவா அதே பழைய மோட்டார் சைக்கிளில்தான் வருகிறான். அந்தச் சாவிக் கதையை யாராவது எடுத்தால் இன்றும் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் ஹைலக்ஸ் பிக்கப்பின் பின்பக்க டிஃப் (டிஃபரென்ஷியல், இன்ஜின் முறுக்கை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரக் கூடு) இப்போது பட்டறை மேசையில் அக்கு அக்காகக் கிடக்கிறது. இருந்தபடியே பேரிங் மாற்றி மாட்டுவதா, இதுதான் சமயம் என்று இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிற லாக்கர் போட்டுவிடுவதா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நம் கூட்டத்தில் டிஃபைத் தன் கையால் கழற்றியவன் நீ ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் கோப்பிக் கடை இன்ஜினியர்கள்.

மகளைப் பார்க்க இரண்டாவது பாலத்தில் போகும்போதுதான் அந்தச் சத்தம் முதலில் காதில் விழுந்தது. 24 கிலோமீட்டர் பாலம், ரேடியோவை அணைத்தால் வண்டியின் எல்லா வியாதியும் கேட்கும். எண்பதில் மிதித்தால் பின்னாலிருந்து ‘ஊ’ என்று ஓர் ஊளை, காலை எடுத்தால் நின்றுவிடும். டயர் சத்தம் என்றான் மகன். டயர் சத்தம் தார் மாறினால் மாறும், வேகம் மாறினால் மாறும். மிதித்தால் வந்து விட்டால் போகிற சத்தத்துக்கு டயர் என்ன செய்யும்? டிஃபின் உள்ளே இருக்கிற கிரவுன், பினியன் பல்சக்கரங்கள்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பட்டறையில் எண்ணெயை இறக்கினார்கள், தே தாரேக் பால் டீ நிறத்தில் வந்தது. உள்ளே தண்ணீர். மூடிக் காந்தத்தில் சாம்பல் பசை இருந்தால் பயமில்லை, அது எல்லா டிஃபிலும் இருப்பது. இதில் விரலைக் குத்துகிற தூள் இருந்தது. பினியன் பேரிங் இரண்டும் முடிந்த கதை.

வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் கை, வயதும் ஆகிவிட்டது. முந்தின முதலாளி எந்த வெள்ளத்தில் இறக்கினானோ. ஓடிச் சூடான டிஃபைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், மூச்சுக்குழாய் வழியாகவோ சீல் ஓரமாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒரு ரப்பர் குழாயை வைத்து அந்த மூச்சை மேலே கொண்டுபோய்க் கட்டியிருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது. இந்தமுறை அதை முதலில் செய்யச் சொல்லிவிட்டேன்.

இனிதான் என் தலைவலி. பேரிங் மாற்றுகிற கூலியும் லாக்கர் மாட்டுகிற கூலியும் ஏறக்குறைய ஒன்றுதான். எப்படியும் கிரவுனைக் கழற்ற வேண்டும், ஷிம் தகடு வைத்து பேக்லாஷ் என்கிற பல் இடைவெளியை அளக்க வேண்டும், பல்லில் சாயம் தடவி எங்கே உரசுகிறது என்று பார்க்க வேண்டும். இன்றைக்கு வேண்டாம் என்று மூடிவிட்டு அடுத்த வருஷம் ஆசை வந்தால் இதே கூலியை மறுபடி அழ வேண்டும். இந்த ஒரு கணக்குதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

யோசனை சொன்னவர்களின் பட்டியலைக் கேள். மல்லிகா: “வண்டியை வித்துட்டு, தோட்டத்துப் பையன்கள் மாதிரி கூடை கட்டின மோட்டார் சைக்கிள் வாங்குங்க.” மச்சான்: உள்ளே இருக்கிற ஸ்பைடர் கியரை வெல்டிங் அடித்துவிடு, செலவே இல்லை. தார் ரோட்டுக்கே வராத செம்பனைத் தோட்டத்து வண்டி என்றால் அவர் சொல்வது சரி. நான் துன் சார்டோன் சாலையில் வளைந்து வளைந்து இறங்க வேண்டியவன். வெல்டிங் அடித்த டிஃபில் இரண்டு சக்கரமும் எப்போதும் சேர்ந்தேதான் சுற்றும்; அதோடு ஒவ்வொரு வளைவிலும் உள்பக்க டயரைத் தேய்த்துக்கொண்டே வந்தால், டயர் முதலில் போகும், அப்புறம் சக்கரத்தைச் சுற்றுகிற ஹாஃப் ஷாஃப்ட் போகும். அவரிடம் இதைச் சொன்னால், “நீ எப்பவும் இப்படித்தான், படிச்சவன்” என்கிறார்.

மகன் வேறு உலகம். அவனுக்கு லாக்கரே வேண்டாம், பல் விகிதத்தை மாற்ற வேண்டும். அவன்தான் போன வருஷம் 285/70 டயரை மாட்டினான், மறந்துவிடாதே. 265/65 இருந்தபோது சக்கரத்தின் உயரம் 776 மில்லிமீட்டர், இப்போது 831. அதனால் என் 3.909 டிஃப், பழைய டயர் கணக்கில் 3.65 போல இழுக்கிறது. மேட்டில் மூச்சு வாங்குவது அதனால்தான், 4.1 போட்டால் சரியாகிவிடும் என்கிறான். கணக்கில் தப்பில்லை. ஆனால் இது ஃபோர் வீல். பின்னால் 4.1 போட்டால் முன்னாலும் 4.1 போட வேண்டும்; இல்லாவிட்டால் ஃபோர் வீலைத் தட்டிய நிமிஷமே முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். அப்படியானால் செலவு இரட்டை. நேர் சாலையில் இன்ஜின் சுற்றும் ஐந்து விழுக்காடு கூடும். 2024 ஜூன் 10-ல் டீசல் ஒரே நாளில் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆனதை இவன் மறந்திருக்கலாம். பூடி உதவி என்று அரசாங்கக் காசு மாதா மாதம் வருகிறதே என்கிறான். வருகிறது, வந்த வழியே பம்புக்குப் போகிறது. டயர் தேய்ந்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடுவேன், விகிதப் பேச்சு அதோடு தீரும். அவனிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

பட்டறை முதலாளி, நம் தௌக்கே, சொல்வது பழைய வண்டிகளை வெட்டி விற்கிற ஹாஃப் கட் கடையிலிருந்து எல்எஸ்டி டிஃப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்துகிற வகை) ஒன்று முழுசாக எடுத்து மாட்டிவிடலாம் என்று. ஹைலக்ஸில் ஹாஃப் ஷாஃப்டை வெளியே இழுத்து, பின்னால் போகிற ஷாஃப்டைக் கழற்றினால் டிஃப் மொத்தமாக முன்பக்கம் வந்துவிடும். மாட்டுவது அரை நாள் வேலை. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய எல்எஸ்டியின் உள்ளே கிளட்ச் தட்டு எவ்வளவு மீதி என்று யார் சொல்வார்கள்? தேய்ந்த எல்எஸ்டி சாதா டிஃப்தான், பெயர் மட்டும் எல்எஸ்டி. என் வண்டியையே பார். பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் விட்டு ஒன்றைக் கையால் சுற்றினோம். மற்றது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. விற்றவன் எல்எஸ்டி என்று சத்தியம் செய்திருந்தான்!

சரி, இவ்வளவு ஆட்டம் எதற்கு, பேரிங்கோடு விட்டுவிடேன் என்பாய். மாமனார் தோட்டத்து ஏற்றம் உனக்கு நினைவிருக்கும். நீயும் மணியும் ஆங் ஹே டுரியான் தின்றுவிட்டுப் படுத்த அந்தக் கொட்டகைக்குக் கீழே இருக்கிற துண்டு. 2017 நவம்பர் மழையில் அங்கே சிமெண்ட் பாதை பெயர்ந்து போனது, இன்றுவரை செம்மண்தான். ஒரு பக்கம் ஓடை அறுத்த பள்ளம், மறுபக்கம் பாறை. முன்பக்கம் இடது சக்கரம் தூக்கினால் பின்பக்கம் வலது தூக்கும். டிஃப் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்கைத்தான் கொடுக்கும் என்பது உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காற்றில் நிற்கிற சக்கரத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் மண்ணில் நிற்கிற சக்கரத்துக்கும் கிடைக்கும். அதாவது ஒன்றுமில்லை. ஃபோர் வீலில் ஃபோர் லோ கியர் போட்டாலும் காற்றில் இருக்கிற இரண்டும் ஜாலியாகச் சுற்றும், மண்ணில் இருக்கிற இரண்டும் வேடிக்கை பார்க்கும். ஹேண்ட் பிரேக்கை ரெண்டு கிளிக் இழுத்துப் பிடித்து ஏற்றுகிற உன் பழைய வித்தையைத்தான் இதுவரை செய்துவந்தேன். பாதி நாள் வேலை செய்யும்.

வேலை செய்யாத நாள் ஒன்று இந்த ஜூலையில் வந்தது, கணேசா. நான் போன் எடுக்காமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வண்டி நிறைய பழம், மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வண்டி அந்த இடத்தில் நின்றுவிட்டது. நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த முத்து மாமா இறங்கிப்போய்ப் பின்னால் தோள் கொடுத்தார். எழுபத்திரண்டு வயது, சிலிப்பர் செருப்பு. வண்டி கொஞ்சம் நகர்ந்து, வால் பள்ளத்துப் பக்கம் வழுக்கியது. அவர் விழுந்தார். கண்ணாடியில் அவர் தலை தெரியவில்லை. சுற்றுகிற சக்கரத்துக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது என்று இறங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் எழுந்து சேற்றைத் தட்டிவிட்டு, “பழம் நசுங்கலையே?” என்றார். மல்லிகாவுக்கு இன்னும் தெரியாது. அன்றிலிருந்து ஏற்றத்தில் யார் பின்னால் நின்றாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மாமாவிடம் வராதீர்கள் என்றால் கேட்கிற ஆளா?

ஆகையால் ஏதோ ஒன்று செய்யத்தான் வேண்டும். இப்போது கேள்வி எந்த லாக்கர் என்பதுதான். தானாகப் பிடித்துத் தானாக விடுகிற மலிவு வகை இருக்கிறதே, பழைய டிஃப் கூட்டுக்குள்ளேயே போட்டுவிடலாம் என்பது, அதை நான் தொட மாட்டேன். காலி வண்டியோடு மழையில் இறங்கும்போது வளைவு நடுவில் அது பிடித்தால் வால் எங்கே போகும்? ஹெலிகல் வகை எல்எஸ்டி தார் ரோட்டுக்கு அருமை, கிளட்ச் தட்டு இல்லை, தேய்வும் குறைவு. ஆனால் அது பிடி உள்ள பக்கத்துக்குப் பெருக்கிக் கொடுக்கும் ஜாதி. காற்றில் நிற்கிற சக்கரத்தின் பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். என் பிரச்சினையோ துல்லியமாக அந்தப் பூஜ்யம்தான். ஆக, பட்டன் தட்டினால் பிடிக்கிற வகை ஒன்றுதான் மீதி. காற்றா மின்சாரமா?

காற்று என்றால் கம்ப்ரஸர் வேண்டும், ஆனால் அதை வைத்து டயருக்கும் காற்று அடிக்கலாம். குழாய் உரசிக் கசியும், ஓ-ரிங் போகும் என்று பயமுறுத்துகிறார்கள். மின்சார வகைக்கு ஒரு வயர் போதும். ஆனால் தட்டியவுடன் பிடிக்காது, சக்கரம் கொஞ்சம் உருண்ட பிறகுதான் பிடிக்கும் என்று கேள்வி. ஏற்றத்தின் நடுவில் நின்றுவிட்ட பிறகு அந்தக் ‘கொஞ்சம்’ எங்கே போய்ச் சேருமோ.

இன்னொரு சந்தேகம், இதை யாரும் பேசுவதில்லை. லாக் போட்டால் பின்சக்கரம் இரண்டும் சேர்ந்தே வழுக்கும். சாதா டிஃபில் ஒன்று சுற்றும்போது மற்றதாவது மண்ணைப் பிடித்து வாலை நிறுத்திவைக்கிறது. அந்தப் பாதையோ பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. லாக் போட்டு மிதித்தால் வண்டி ஏறாமல் பக்கவாட்டில் இறங்குமோ? சாய்வு தொடங்குவதற்கு முன் லாக்கை எடுத்துவிட்டு, பாறை இடத்தில் மட்டும் போட வேண்டும் என்பது என் எண்ணம். நீ கோலக் குபு பாரு பக்கம் ஓட்டினாயே, இப்படிப்பட்ட சாய்வில் லாக் போட்டாயா? இதற்கு மட்டும் பெருமை அடிக்காமல் பதில் சொல்.

கடைசியாக ஒன்று. காற்று லாக்கர், கம்ப்ரஸர், கூலி எல்லாம் சேர்த்து ஆறாயிரம் வெள்ளிக்குக் கிட்டே சொல்கிறார் தௌக்கே. அந்தக் காசுக்குப் பெயர்ந்த துண்டில் சக்கரம் போகிற அகலத்துக்கு இரண்டு சிமெண்ட் தடம் போட்டுவிடலாம் என்று கணக்குப் பார்த்தேன். முத்து மாமாவுக்கு அதுதான் உண்மையான மருந்து, எனக்குத் தெரியும். ஆனால் பாதை மூன்று தோட்டத்துக்குப் பொது. மேல்தோட்டத்துக்காரர் பாதி தருகிறேன் என்கிறார். நடுத்தோட்டத்துக்காரர், பாதை போட்டால் ஊரே காரில் ஏறி வந்து பழம் பொறுக்கும் என்று எட்டு வருஷமாக ஒரே பாட்டு. லாக்கருக்கு என் கையெழுத்து ஒன்று போதும்.

மனசு காற்று லாக்கர் பக்கம் சாய்ந்துவிட்டது, மறைக்கவில்லை. 3.909 அப்படியே இருக்கும், பேரிங் சீல் எல்லாம் புதுசு, மூச்சுக்குழாய் மேலே. பழம் விழ ஆரம்பிப்பதற்குள் நடுத்தோட்டத்துக்காரரிடம் இன்னொரு முறை போவேன். இந்தமுறை முத்து மாமாவையும் கூட்டிக்கொண்டு.

ஆர்டர் போட இந்த மாதக் கடைசி வரை தௌக்கேயிடம் தவணை கேட்டிருக்கிறேன். சாய்வு விஷயமும், உன் காற்றுக் குழாயை எந்த வழியாகக் கட்டினாய் என்பதும், இந்த இரண்டும்தான் எனக்கு வேண்டும். வீட்டு போனில் அடிக்காதே, மல்லிகா எடுத்தால் ஜூலைக் கதை வெளியே வந்துவிடும். என் கைப்பேசியில் இரவு ஒன்பதுக்கு மேல் அடி, இந்தமுறை எடுக்கிறேன்.

உன்,
சந்திரன்