தபால் பெட்டியில் இரண்டு பெயர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது, இனி விசா வேலை, அப்புறம் நீயும் அமெரிக்கா கிளம்பிவிடுவாய் என்று படித்ததும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து மறுபடி மாடிப்படி ஏறுகிறார் என்று எழுதியிருந்தாயே, அதுவும் பெரிய நிம்மதி. இங்கே ஐரோப்பாவில் நானும் இவரும் நலம். எனக்கு வேலை செய்ய அனுமதி வந்துவிட்டது. தேடத் தொடங்கியிருக்கிறேன். மொழி வகுப்பும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

"சொந்தபந்தம் யாருமே இல்லாத ஊர்ல ரெண்டே பேரு என்னத்தடி கொண்டாடுறது?" என்று கேட்டிருந்தாய். இந்தக் கடிதம் முழுக்க அதற்குத்தான் பதில்.

பண்டிகை மாதிரிப் பெரிய நாட்கள் கஷ்டம்தான், மறைக்கவில்லை. அன்றைக்கும் இங்கே பஸ் வழக்கம்போல ஓடும், இவருக்கு ஆபீஸ் இருக்கும். சாயங்காலம் வீடியோ காலில் வந்தால் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். போன் கைமாறிக் கைமாறி, கடைசியில் சுற்றுகிற மின்விசிறி மட்டும்தான் தெரியும். அதைப் பார்க்கக்கூட ஆசையாகத்தான் இருக்கும். போனை வைத்ததும் வீடு சட்டென்று அடங்கிவிடும் பார், அந்தக் கொஞ்ச நேரம்தான் தாங்காது. இவர் அப்போது ஆறுதலாக எதுவும் சொல்ல மாட்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். எனக்கு அது போதும்.

எங்களைக் கைதூக்கி விட்டவை சின்ன நாட்கள். அதில் ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தின் வாசலில் எல்லா வீடுகளுக்கும் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும். பெட்டியில் பெயர் இல்லாதவருக்குத் தபால் போட மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் வந்து இறங்கியபோது எங்கள் பெட்டியில் இவர் பெயர் மட்டும்தான் இருந்தது. என் குடியிருப்பு அட்டை தபாலில் வரும் என்று தெரிந்த அன்று, இவர் எங்கள் இரண்டு பேர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் அச்சடித்துக்கொண்டு வந்தார். பழைய சீட்டு லேசில் கிளம்பவில்லை. ஈரத்துணியை அழுத்திப் பிடித்து ஊறவிட்டு, ஸ்பூன் முனையால் ஓரத்தை நெம்பி, மிச்சப் பசையை நகத்தால் சுரண்டி எடுத்தோம். புதுச் சீட்டை நான் ஒட்டப் போனபோது, "இரு, இதைச் சும்மா ஒட்டிவிட்டுப் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு இவர் மேலே ஓடினார். திரும்பி வரும்போது கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தார்! நானும் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு அம்மா உள்ளே வந்தார். இரண்டு பேரும் அலங்காரமாக நின்று சீட்டு ஒட்டுவதைப் பார்த்தவர், என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த ஊரில் என் பெயரை வாய்விட்டுச் சொன்ன முதல் பக்கத்து வீட்டுக்காரர் அவர்தான்.

நீ இதை ரொம்பக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நீயும் கணவரின் வேலையை ஒட்டித்தான் போகிறாய். சில விசாக்களில் துணையாக வருபவருக்கு உடனே வேலை செய்ய அனுமதி கிடையாது. அந்த மாதங்களில் வீட்டில் நடக்கிற நல்ல காரியம் எல்லாம் அவர் பக்கத்திலிருந்தே வரும். அவர் சம்பளம், அவர் பதவி உயர்வு, அவர் ஆபீஸ் விருந்து. நீயும் மனதாரச் சந்தோஷப்படுவாய்தான். ஆனால் உனக்கென்று ஒரு நாள்கூட இல்லாமல் போனால் உள்ளே எங்கேயோ வாடிப்போவாய். படித்து, வேலை பார்த்து, சொந்தக் காலில் நின்ற பெண்களுக்கு இது இன்னும் அதிகமாக வலிக்கும். அதனால் உன் நாட்களை நீயே குறித்துவை, அவரையும் குறிக்கச் சொல். நூலக அட்டை வாங்கிய நாள், யார் துணையும் இல்லாமல் டாக்டரிடம் போனில் நேரம் கேட்டு வாங்கிய நாள், ஓட்டுநர் தேர்வில் பாஸான நாள். சின்ன விஷயம்தானே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. புது மண்ணில் அவை சின்ன விஷயங்களே இல்லை.

எல்லாம் சுமுகமாகவே வந்தது என்று நினைத்துவிடாதே. இவர் வீட்டில் பிறந்தநாள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எங்கள் வீட்டில் எப்படி என்று உனக்குத் தெரியும். மாதா மாதம் கல்யாணத் தேதியை நினைவு வைத்துக்கொள்வது இவருக்கு விளையாட்டாகப் பட்டது, எனக்கு முக்கியமாகப் பட்டது. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பிறந்தநாளைத் தள்ளிப்போடக் கூடாது, விடிந்ததும் பத்து நிமிஷமாவது அதற்கென்று உட்கார வேண்டும். மற்றதெல்லாம் சனிக்கிழமைக்குப் போகலாம். மாதாந்திரக் கணக்கு முதல் வருஷத்துக்கு மட்டும். இப்போது தேதியை முதலில் ஞாபகப்படுத்துவது இவர்தான்!

இவர் பங்குக்குக் கொண்டுவந்த நாள் ஒன்றும் உண்டு. நாங்கள் இருப்பது வட அட்சரேகை 60 பாகையை ஒட்டி. டிசம்பர் 21, 22 வாக்கில் இங்கே பகல் வெளிச்சம் மொத்தமே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இவர் இருட்டில் ஆபீஸ் போய் இருட்டில் திரும்புவார். பூமியின் வடபாதி சூரியனை விட்டு முழுக்கச் சாய்ந்திருக்கிற நாள் அது, மறுநாளிலிருந்து பகல் கொஞ்சம் கொஞ்சமாக வளரத் தொடங்கும். அன்றைக்கு அரை நாள் விடுப்பு எடுத்து, வெளிச்சம் இருக்கும்போதே இருவரும் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்தோம். மத்தியானம் மூன்றேகால் மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிட்டது. இருந்தாலும் "இதுக்கு மேல குறையாதுல்ல" என்று இவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

அப்புறம் இந்த நேரக் கணக்கு. உலகைச் சுற்றிவந்த மகெல்லன் குழுவின் விக்டோரியா கப்பல் 1522-ல் கேப் வெர்டே தீவுகளை அடைந்தபோது, மாலுமிகளின் குறிப்பேட்டில் புதன்கிழமை, கரையில் வியாழக்கிழமை. ஒரு நாள் தவறாமல் எழுதிவந்தும் எப்படி இப்படி என்று குழம்பிப்போனார்களாம். மேற்கு நோக்கியே உலகைச் சுற்றி வந்தால் கணக்கில் ஒரு நாள் குறைந்துவிடும். பசிபிக் கடலில் தேதி மாறுவதாக வைத்திருக்கிற கற்பனைக் கோடுதான் தேதிக்கோடு. சமோவா என்ற தீவு நாடு அதன் மறுபக்கத்துக்கு மாறியபோது 2011 டிசம்பர் 30 என்ற நாளே அங்கே வரவில்லை. வியாழன் முடிந்து நேரே சனி! இவர் இதைச் சொன்னதும் அன்றைக்குப் பிறந்தநாள் இருந்தவர்களை நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் நீயும் தினமும் இந்தக் கணக்கோடுதான் இருப்பாய். அம்மாவுக்கு அங்கே பிறந்தநாள் விடியும்போது உனக்கு முந்தைய நாள் சாயங்காலம்தான் ஆகியிருக்கும். வீட்டில் இருப்பவர்களின் நாளை அவர்கள் நேரப்படியே வைத்துக்கொள். வயதானவர்கள் வாசலைப் பார்ப்பதுபோலப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நம் இரண்டு பேருக்கும் இடையிலும் ஒரு சிக்கல் வரும், இப்போதே எழுதி வைத்துக்கொள். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறுதான். நடுவே இருக்கிற இரண்டு மூன்று வாரம் நமக்குள் வித்தியாசம் ஒரு மணி குறைந்திருக்கும். இலையுதிர்காலத்திலும் அப்படித்தான், அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை. இந்தியாவில் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை என்பதால் அம்மாவிடம் பேசும் நேரமும் வருஷத்துக்கு இரண்டு தடவை மாறும்.

போட்டோ பற்றிக் கேட்டிருந்தாய். ஒன்றிரண்டு எடுப்போம், வீட்டுக்கு அனுப்புவோம். எல்லோரும் பார்க்கிற மாதிரி எங்கேயும் போடுவதில்லை. போட ஆரம்பித்தால் அடுத்த தடவை படத்துக்காகவே நாளைத் தயார் செய்யத் தோன்றும். எனக்கு அது வேண்டாம்.

கல்யாணத்துக்கு வர இருவரும் விடுப்பு கேட்டிருக்கிறோம். இவருக்குக் கிடைப்பது கொஞ்சம் இழுபறியாக இருக்கிறது, நான் எப்படியும் வந்துவிடுவேன். இரண்டு நாள் முன்னாடியே வந்து உன்னோடு தங்கலாமா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல். விசா நேர்காணல் தேதி வந்ததும் உடனே எழுது.

உன் அன்புத் தோழி