துணி பொம்மைகளுக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பான அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

நாம் தைத்த முயல்களும் யானைகளும் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பெரும்பங்கு ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைப் பக்கத்து அங்கன்வாடிகளுக்கு. மீதி வேலூரில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்கு.

முதல் நன்றி குடியாத்தம் நெசவாளர் வீடுகளுக்கு. கைலியில் மிஞ்சிய துண்டுகளை மூட்டை கட்டிக் கொடுத்ததோடு, "அலசிக் காயவச்சு அப்புறமா வெட்டுங்க, புதுப் பருத்தி சுருங்கும்" என்றும் சொல்லி அனுப்பினீர்கள். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னதும் நீங்கள்தான். ஒட்டியதை எல்லாம் ஒதுக்கிவிட்டோம். சின்னப் பிள்ளைகள் பொம்மையின் காதைத்தானே முதலில் வாயில் வைக்கும்!

வார்டு நர்ஸ் அக்கா, கத்தரியை எடுக்கும் முன்பே உங்களைக் கேட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! பட்டன் கண், மணி எதுவும் கூடாது, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை பிடுங்கி விழுங்கினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும் என்றீர்கள். அதனால் கண், மூக்கு, வாய் எல்லாமே நூலில்தான். இலவம்பஞ்சையும் வேண்டாம் என்றீர்கள். தலையணை என்றால் இலவம்பஞ்சுதான் என்று வளர்ந்த எங்களில் சிலருக்கு மனசு வரவில்லை. ஆனால் துவைத்தால் அது கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், உள்ளே ஈரம் சீக்கிரம் காயாது. வார்டில் அடிக்கடி துவைக்க வேண்டுமே. பாலியஸ்டர் பஞ்சை அடக்க விலைக்கே கொடுத்த லாங் பஜார் மெத்தைக் கடை அண்ணனுக்கும் நன்றி.

சத்துவாச்சாரி டெய்லர் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். தலை, கை, கால் என்று தனித்தனியாக வெட்டி ஒட்டுப்போட்டால் கழுத்தில்தான் முதலில் பிரியும் என்று, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரண்டே துண்டில் முழு யானையையும் அட்டையில் வரைந்து கொடுத்தார். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்துச் சுற்றிலும் இரட்டைத் தையல். பக்கவாட்டில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. வளைவுகளில் தையலைத் தொடாமல் சின்னச் சின்னதாக வெட்டு விட்டால்தான், திருப்பும்போது காதும் தும்பிக்கையும் சுருங்காமல் வரும். பஞ்சையும் மொத்தமாகத் திணிக்காமல் பிய்த்துப் பிய்த்து, மூலையிலிருந்து அடைக்கக் கற்றுக்கொடுத்தார். ஊசி பிடித்தே பழகாத கல்லூரித் தங்கைகள்கூட அவருடைய அட்டையை வைத்து அழகாகத் தைத்தார்கள். கத்திரி வெயிலில், கரண்ட் போன மதியங்களிலும் எழுந்து போகாமல் கண் பின்னிய உங்களுக்கும் நன்றி, தங்கைகளே.

மகளிர் குழு அம்மா ஒருவர் தினமும் ஊசிகளை எண்ணிக் கொடுத்து, எண்ணியே திரும்ப வாங்கினார். குண்டூசி ஒன்று குறைந்தாலும் அன்றைக்குத் தைத்த பொம்மைகளை எல்லாம் அழுத்திப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார். அந்தக் கண்டிப்பால்தான் பயமில்லாமல் கொடுக்க முடிந்தது. அணைக்கட்டு ஊர் வழியாக மூட்டைகளை மலைக்கு ஏற்றிப்போய், டீசலுக்குக்கூடக் காசு வாங்காத ஜீப் தம்பிக்கும் எங்கள் அன்பு.

அங்கன்வாடி டீச்சர் போனில் பேசினார். பிள்ளைகள் பொம்மைக்கும் சேர்த்துத்தான் தட்டு கேட்கிறார்களாம். வயதில் பெரிய பிள்ளைகளுக்கும் வேண்டும் என்கிறார். கைலித் துணி இன்னும் இருக்கிறது, பஞ்சுதான் தீர்ந்துவிட்டது. மெத்தைக் கடை அண்ணே, திரும்பவும் வருகிறோம்.

அன்புடன்,
வேலூரில் பொம்மை தைத்தவர்கள் சார்பாக ஒருத்தி